சுவர் மிஞ்சியது, குடி மிஞ்சியதா?

பழைய நகர்ப்பகுதிகள் புதுப்பொலிவு பெறுவதால் நன்மையா, தீமையா? இன்றைய அரங்கின் இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறை தலைவிரித்தாடியபோது, குடியிருப்போரைக் காக்க வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களில், உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்றவோ குடியிருப்பவரை வெளியேற்றவோ முடியாது. அதனால்தான் கடைத்தெருவிலும் சுற்றியுள்ள வீதிகளிலும் கீழே கடை, மேலே வீடு என எளிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது.

ஆனால், சொற்ப வாடகை வாங்கும் உரிமையாளர் கூரையை எதற்கு மாற்றப் போகிறார்? ஓடு ஒழுகியது; உத்தரம் செல்லரித்தது. இதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

1997-இல் இந்தச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. 1999 டிசம்பர் 31-உடன் இடைக்கால அவகாசமும் முடிந்தது. வாடகை பன்மடங்கு உயர, பல குடும்பங்கள் மூட்டை கட்டின. காலியான கடைவீடுகள் சிலவற்றில் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள். மனிதர் போன வீட்டில் பறவை குடியேறியது!

2008 ஜூலை 7-ஆம் நாள், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. இடிந்துகொண்டிருந்த கட்டடங்கள் பிழைத்தன. தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேலை கிடைத்தது. சுற்றுப்பயணிகளால் வியாபாரம் பெருகியது. கூடவே வாடகையும் ஏறியது. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் சில தங்கும் விடுதிகளாயின.

பாரம்பரியத் தகுதிதான் மக்களை விரட்டியது என்று சிலர் சொல்வார்கள். ஆண்டுகளைக் கவனியுங்கள். வாடகைப் பாதுகாப்பு போய் எட்டு ஆண்டுகள் கழித்தே அந்தத் தகுதி வந்தது. கட்டடத்தைக் காக்க விதிகள் வகுத்த நாம், அதில் வாழ்ந்தவரைக் காக்க அந்த அளவுக்கு அக்கறை காட்டவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதியில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. ரதம் வாசலுக்கு வரும்போது, அர்ச்சனைத் தட்டோடு காத்திருக்க வீட்டில் ஆள் வேண்டாமா?

சுவருக்குச் சாயம் பூசுவதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சீரமைப்புக்கு மானியம் கொடுக்கும்போதே, பழைய குடியிருப்பாளருக்குக் கட்டுப்படியாகும் வாடகையையும் நிபந்தனையாக்கலாமே! உங்கள் ஊரில் ஒரு பழைய தெருவைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றால், முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: இங்கே இருப்பவர்கள் நாளையும் இருப்பார்களா?