நல்ல வினாவும் நல்ல ஆங்கிலமும்

1991 ஜூலை 3 அன்று, மினிக்ஸ் இயங்குதளப் பயனர்களின் யூஸ்நெட் குழுவில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரு சிறு மடல் இட்டார். தமது பணி ஒன்றுக்கு போசிக்ஸ் தர வரையறை தேவைப்படுவதாகவும், கணினியில் படிக்கத்தக்க வடிவில் அது எங்குக் கிடைக்கும் என்றும் கேட்டிருந்தார். நன்னூல் வகுக்கும் ஆறு வினாக்களுள் இது கொளல் வினா. கேட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21.

ஆகஸ்ட் 25 அன்று அவர் இட்ட மற்றொரு மடலை லினக்ஸின் பிறப்பறிவிப்பாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் அதன் தலைப்பு ஒரு வினா: மினிக்ஸில் நீங்கள் பெரிதும் எதிர்பார்ப்பது எது? வினாவுக்குத் துணையாக அவர் தந்த விவரங்களே கவனத்திற்குரியவை. 386, 486 கணினிகளுக்கென ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், ஏப்ரல் முதல் வேலை நடக்கிறது, பாஷ் 1.08, ஜிசிசி 1.40 ஆகியவை அதில் இயங்குகின்றன. பிற வகைக் கணினிகளுக்கு இதை எளிதில் மாற்ற இயலாது. யோசனைகளை வரவேற்கிறேன், நிறைவேற்றுவதாக வாக்களிக்கவில்லை. செய்தது, செய்யாதது, வேண்டுவது என மூன்றும் தெளிவாக இருந்தன.

பின்னாளில் இப்பண்பு விதிகளாயிற்று. நிரலின் பிழையை எவ்வாறு எடுத்துரைப்பது என்று 1999இல் சைமன் டாத்தம் எழுதினார். தொழில்நுட்ப வினாவை எவ்வாறு கேட்பது என்று 2001இல் எரிக் ரேமண்ட் எழுதினார். இவ்விதிகள் பலருக்கு வழிகாட்டின. புதியவர்களின் வாயை அடைக்கவும் பயன்பட்டன.

நம் வகுப்பறைகளில் தமிழ்வழி பயின்று வந்த மாணவர் பலர் ஐயத்தை வெளியிடத் தயங்குகின்றனர். காரணம் கேட்டால் ‘ஆங்கிலம் சரியாக வராது’ என்பர். டோர்வால்ட்ஸின் தாய்மொழி ஸ்வீடிஷ். அவர் எழுதியதும் கற்ற ஆங்கிலத்தில்தான். அம்மடலுக்கு வலிமை தந்தவை பதிப்பெண்களும் வன்பொருள் பெயரும் தன் வேலையின் எல்லையை மறையாது சொன்ன நேர்மையுமே. இவற்றுக்கு அணிநடை வேண்டியதில்லை.

எனவே மாணவருக்கு நாம் முதலில் கற்பிக்க வேண்டியது, இயக்கிய கட்டளை, எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, பிழைச்செய்தி ஆகியவற்றை உள்ளவாறே எழுதும் பயிற்சி. அதைத் தமிழிலேயே தொடங்கலாம். கண்டதைக் கண்டவாறு சொல்லத் தெரிந்தவருக்கு வினா பாதி அமைந்துவிடும். மொழியின் குறையைப் பிறர் திருத்தித் தரலாம், அவர் கண்டதை அவரன்றி வேறெவரும் சொல்ல இயலாது.