கடலடி அழுத்தமானியின் மின்கணக்கு: காரைதீவுக் கரையை முன்வைத்து ஒரு மறுப்பு

வங்காள விரிகுடாவின் சுனாமிக் கண்காணிப்பைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு முடிபு நெடுநாளாக நிலைத்திருக்கிறது: கடலடி அழுத்தமானிக்கு மின்கலம் போதும்; பழுதாவது மேலே கிடக்கும் மிதவைதான். பிற்பாதி சரி. மீன்பிடிக் கலங்களால் மிதவைகள் சேதமுறுவது இக்கடலில் பழைய துயரம். முற்பாதியைத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

அதற்குச் சான்றாக நிற்பது அமெரிக்காவின் டார்ட் இரண்டாம் தலைமுறைக் கருவியின் வடிவமைப்புக் குறிப்பு. அழுத்தத்தை அளந்து கணிக்கும் பகுதிக்கு 1,560 வாட்-மணி மின்கலம். மேலே செய்தி அனுப்பும் ஒலி மோடத்துக்கு 2,000 வாட்-மணிக்குச் சற்று மேல். ஆயுள் 4 ஆண்டுகள். வகுத்துப் பார்த்தால், அளக்கும் பகுதிக்குச் சராசரியாகக் கிடைப்பது 45 மில்லிவாட்: ஒரு சிறு காட்டி விளக்குக்கான மின்சாரம். கருவி 15 விநாடிக்கு ஒருமுறை அளக்கிறது. ஆனால் அமைதிக் காலத்தில் 15 நிமிட இடைவெளி மதிப்புகளை மட்டும் 6 மணிநேரத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது. நீர்மட்டம் கணித்ததிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் விலகினால்தான் அடுத்தடுத்துப் பேசத் தொடங்கும்.

இந்தச் சிக்கனத்தைக் கண்டு, தேவையே அவ்வளவுதான் என்று முன்னையோர் கொண்டனர். இருக்கிற மின்சாரத்துக்கு ஏற்பத் தேவை வெட்டப்பட்டிருக்கிறது என்பதே பொருத்தமான வாசிப்பாகத் தோன்றுகிறது. அந்த 4 ஆண்டுக் கணக்கு, எத்தனை நிகழ்வுகள் வரும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பதாக அதே குறிப்பு சொல்கிறது. சுமாத்திராக் கடல் அந்த அனுமானத்துக்கு அடங்குவதில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்குப் பின் வந்தவற்றின் அளவுகள்: 2005 மார்ச்சில் 8.6, 2007 செப்டெம்பரில் 8.4, 2012 ஏப்ரல் 11இல் சுமார் இரண்டு மணிநேர இடைவெளியில் 8.6, 8.2. ஒவ்வொன்றும் மோடத்தின் இருப்பைக் கரைக்கக்கூடியது.

2004இல் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த அலை இரண்டு மணிநேர அளவில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஊர்களை வாரிச் சென்றது. அன்று ஒரேயொரு மின்கலக் கருவியும், கரைக்குச் செய்தி சேரும் வழியும் இருந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கலாம். அதற்காக அக்கருவியே இறுதித் தீர்வாகிவிடாது.

கரையிலிருந்து வடம் போட்டால் மின்சாரமும் செய்தியும் ஒரே வழியில் செல்லும், மிதவையே வேண்டாம். கனடாவின் நெப்டியூன் கடலடி வடவலை (2009) 10,000 வோல்ட் நேரோட்டத்தை அனுப்பிக் கடலடியில் 400 வோல்ட்டாகக் குறைக்கிறது. மின்சாரம் தாராளம். ஆனால் வடம் ஓரிடத்தில் கிழிந்து கடல்நீரைத் தொட்டால், அத்துண்டைப் பிரிக்கும்வரை வலையின் மின்னழுத்தம் சரியும். ஜப்பானின் டோனெட் வடவலை (2011) மாறா மின்னோட்டத்தைக் கையாண்டது. இரு முனையிலிருந்தும் ஊட்டினால், பழுதின் இருபுறமும் உள்ள கருவிகள் தொடர்ந்து இயங்கும். கடல்நீரே சுற்றை முடித்துவைக்கும். கிடைக்கும் மின்சாரம் குறைவுதான். ஆயினும் நிலநடுக்கக் கடலுக்கு இம்முறையே ஏற்றது.

செலவைக் காட்டி மறுப்பது வலுவற்றது. ஹவாயின் அலோஹா நிலையம் 2011 முதல், ஓய்வுபெற்ற தொலைபேசி வடமொன்றின் வழியாகத்தான் 4,728 மீட்டர் ஆழத்தில் மின்சாரம் பெற்றுவந்திருக்கிறது. இலங்கைக்கு வரும் பன்னாட்டு வடங்கள் மேற்கிலும் தெற்கிலும் கரையேறுவதால், கிழக்குக்குப் பழைய வடத்தைத் தூக்கி மறுபடி இட வேண்டியிருக்கும். அங்கே கண்டத்திட்டு ஒடுக்கமானது. வடம் விரைவிலேயே ஆழத்துக்கு இறங்கி, நங்கூரத்துக்கும் வலைக்கும் எட்டாமற் போகும். ஒரு முனை காரைதீவு–கல்முனைக் கரையிலும் மறுமுனை திருகோணமலையிலும் ஏறினால் இருமுனை ஊட்டல் கைகூடும்.