18 மாடி உயரத்தில் ஒரு ராஜ்ஜியம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்கைல் என்று ஒரு பகுதி. அங்கே கில்மார்ட்டின் என்ற சிற்றூருக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பு நிலம். அதன் நடுவே தனியாக ஒரு பாறைக் குன்று நிற்கிறது. உயரம் 54 மீட்டர். மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 18 மாடி. நம் ஊரில் இப்போது எழும்பும் சில குடியிருப்புகளே அதைவிட உயரம். அந்தக் குன்றின் பெயர் டனாட். 'டன்' என்றால் கோட்டை, 'ஆட்' என்பது பக்கத்தில் ஓடும் ஆறு.

இந்தச் சின்னக் குன்றின் மேல் இருந்துதான் டால் ரியாடா என்ற ராஜ்ஜியத்தின் மன்னர்கள் ஆண்டார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. காலம், ஏறத்தாழ கி.பி. 500 முதல் 850 வரை. இந்த ராஜ்ஜியத்தின் மக்களுக்குத்தான் 'ஸ்காட்' என்று பெயர். பின்னாளில் நாடு முழுவதற்கும் அந்தப் பெயர் வந்தது. ஆகவே இங்கே மண்ணுக்குள் இருந்து என்ன கிடைத்தது என்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

மேலே போனால் கோபுரமோ மண்டபமோ இருக்காது. சாந்து இல்லாமல் கல்லோடு கல் அடுக்கிய தடித்த மதில்கள், அவையும் இடிந்து கிடக்கின்றன. பாறையில் இயற்கையாக அமைந்த ஒரு பிளவுதான் வாசல். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையில் ஒரு மனிதப் பாதத்தின் வடிவம் வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு காட்டுப்பன்றி உருவம், பாறையில் குடைந்த ஒரு கிண்ணம். புதிய மன்னர் அந்தப் பாதச் சுவட்டில் கால் வைத்துப் பதவி ஏற்றார் என்று சொல்கிறார்கள். எழுத்தில் நேரடிச் சான்று கிடையாது. ஆனால் அருகிலுள்ள ஐலா தீவில், பிற்காலத்துத் தீவுத் தலைவர்கள் அப்படிக் கல்லில் கால் பதித்துப் பதவி ஏற்றதாகப் பதிவு உண்டு. அதை வைத்துச் செய்த ஊகம் இது. நல்ல ஊகம் என்றே எனக்குப் படுகிறது.

அயர்லாந்தின் பழைய ஆண்டுக் குறிப்புகளில் இந்தக் கோட்டை இரண்டு முறை வருகிறது. 683இல் முற்றுகை நடந்தது என்று ஒரே வரி. யார் முற்றுகையிட்டது, யார் ஜெயித்தது, ஒன்றும் இல்லை. 736இல் கொஞ்சம் கூடுதல் விவரம்: பிக்ட் மக்களின் மன்னன் ஓங்குஸ் டால் ரியாடாவைச் சூறையாடி, டனாட்டைப் பிடித்து, செல்பாக் என்ற மன்னனின் இரண்டு பிள்ளைகளைச் சங்கிலியில் கட்டினான். அவ்வளவுதான். மிச்சத்தை மண்ணைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்ணைக் கேட்டார்கள். 1904-05இல் கிறிஸ்டிசன் என்பவர் தலைமையில் முதல் அகழாய்வு. திரிகைக் கற்கள், உலோகம் உருக்கும் மூசைகள், வார்ப்பு அச்சுகள், லத்தீன் எழுத்து கீறிய ஒரு பலகைக்கல் துண்டு என்று நிறையக் கிடைத்தன. ஆனால் எந்தப் பொருள் எந்த அடுக்கில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்ற விவரம் சரியாகக் குறிக்கப்படவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. 1929இல் க்ரா என்பவர் மறுபடி தோண்டினார். அதிலும் இந்தக் குறை தீரவில்லை.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது வங்கியில் வேலை பார்த்த எனக்கு உடனே உறைத்தது. அன்றன்றைய வவுச்சர்களை அடுக்கித் தைத்துக் கட்டி, மேலே தேதி போட்டு ரெக்கார்டு அறையில் வைப்போம். பத்து வருடத்துக் கட்டுகளை ஒருவர் பிரித்து ஒரே குவியலாகக் கொட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வவுச்சர்கூடத் தொலையவில்லை. ஆனால் எந்த நாள் கணக்கையும் நேர் செய்ய முடியாது. வவுச்சரிலாவது தேதி எழுதியிருக்கும், திருப்பி அடுக்கலாம். திரிகைக் கல்லில் தேதி ஏது?

அதனால் 1980-81இல் ஆலன் லேனும் யூவன் கேம்பெலும் வந்தபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது புதையல் இல்லை, யார் கையும் படாத மண். முன்னவர்கள் விட்டுவைத்த இடங்களில் சிறிய குழிகள் மட்டும் போட்டார்கள். அடுக்கு அடுக்காகப் பிரித்துக் குறித்தார்கள். கரித்துண்டுகளைக் கார்பன் கணிப்புக்கு அனுப்பினார்கள். முழு அறிக்கை வெளிவந்தது 2000இல். தோண்டியது இரண்டு கோடைக்காலம், எழுதி முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டு!

குன்றில் கி.மு. காலத்திலேயே ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைவிடச் சுவாரசியம், அங்கே இருந்த பட்டறை. அந்த ஊர் மக்கள் மேலாடையைக் கோத்துக்கொள்ள, ஒரு பக்கம் திறந்த வளையத்தில் ஊசி வைத்த ப்ரூச் அணிவார்கள். அதை வார்க்கும் களிமண் அச்சுகள் உடைந்த துண்டுகளாக ஏராளமாகக் கிடைத்தன. உருக்கிய உலோகத்தை ஊற்றி ஆறியதும் அச்சை உடைத்துத்தான் நகையை வெளியே எடுக்க வேண்டும். நகை அணிந்தவரோடு போய்விட்டது. உடைந்த அச்சுதான் பட்டறையில் தங்கியது. அந்தத் துண்டுகளில் சில, எடின்பரோ அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற ஹன்டர்ஸ்டன் ப்ரூச்சின் வேலைப்பாட்டை ஒத்திருக்கின்றன.

மேற்கு பிரான்ஸ் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த மண்பாண்டங்களின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றோடு மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கட்டி. அது என்ன தெரியுமா? அரிதாரம்! நாடகக்காரர்கள் முகப்பூச்சுக்குப் பெயர் தந்த அதே தாதுப்பொருள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அங்கே அதை வைத்து யாரும் வேஷம் கட்டவில்லை. தோல் ஏடுகளில் சித்திரம் தீட்ட மஞ்சள் வண்ணமாகப் பயன்பட்டது. 563இல் கொலம்பா என்ற துறவி மடம் நிறுவிய அயோனா தீவு அதே கரையில்தான் இருக்கிறது. சதுப்பு நிலத்து நடுவே ஒதுங்கிக் கிடக்கும் குன்று என்று நினைத்தால், அது கப்பல் வழியில் இருந்த சந்தை!

இனிதான் வழக்கு. ஸ்காட்டுகள் அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள் என்பது பழைய நூல்கள் சொல்லும் வரலாறு. பள்ளிப் பாடத்திலும் அதுதான். டனாட்டைத் தோண்டிய அதே கேம்பெல் 2001இல் ஒரு கட்டுரை எழுதி அதைக் கேள்வி கேட்டார். ஒரு கூட்டம் குடிபெயர்ந்து வந்தால் வீடு கட்டும் முறையையும் நகை அணியும் பழக்கத்தையும் கூடவே கொண்டு வரும் அல்லவா? அயர்லாந்தில் ஊருக்கு ஊர் இருக்கும் வட்ட மண்மேட்டு வீடுகள் ஆர்கைலில் இல்லை. இங்கே பழைய கட்டட முறையே மாறாமல் தொடர்கிறது. இரண்டு கரைக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடல்தான். கடல் பிரிக்கவில்லை, சேர்த்து வைத்தது. இரு கரையிலும் ஆதியிலிருந்தே கேலிக் மொழி பேசியிருக்கலாம் என்பது அவர் வாதம்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. படையெடுத்து வந்த ஒரு சிறு அரச குடும்பம் மண்ணில் தடயம் விடாமலேயே ஆட்சியைப் பிடித்திருக்கலாமே என்று திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் ஓட்டு கேம்பெலுக்கு. பழைய நூல்களை எழுதியவர்களுக்கு ஏதோ ஒரு மன்னரைத் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. உடைந்த அச்சுக்கு அந்தக் கவலை இல்லை. 1904இல் வாரிப் போட்ட மண் அடுக்குக் குலையாமல் இருந்திருந்தால் இந்த வழக்கில் இன்னும் எத்தனை சாட்சிகள் கிடைத்திருக்குமோ என்றுதான் ஆதங்கமாக இருக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. போனால் ஒரு நாள் ஒதுக்கி டனாட் பாருங்கள். ஏறும்போது பாறை வழுக்கும், நல்ல காலணி வேண்டும். பாதச் சுவட்டில் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்ல மாட்டார்கள். நீங்கள் மிதிப்பது நகல். வருகிறவர்கள் எல்லாம் மிதித்துத் தேய்ந்துவிடும் என்று, 1970களின் இறுதியில் அசலின் மேலேயே அச்சு அசலாக ஒரு நகலைப் பொருத்தி மூடிவிட்டார்கள். அசல் அதற்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.