ஒரு நிமிசம் எண்ணினால்

இதை வாசிக்கிற நீங்கள் ஒரு நிமிசம் உங்கட மூச்சை எண்ணிப் பாருங்கோ. பெரும்பாலும் 12க்கும் 20க்கும் இடையில் வரும். பிறந்து சில நாளான ஒரு பிள்ளை நித்திரை கொள்ளும்போது எண்ணினால் 40ஐத் தாண்டும். முதல் தரம் எண்ணினபோது நாங்கள் பயந்தே போனோம். ஆனால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அதன் மூச்சு அப்படித்தான்.

காரணம் உடம்பின் அமைப்பு. எங்கட விலா எலும்புகள் சரிவாக இருக்கின்றன. அவை மேலே எழும்ப நெஞ்சு விரியும். கைக்குழந்தையின் விலா எலும்புகள் கிட்டத்தட்டக் கிடையாக, மெதுமையாக இருக்கும். அதனால் நெஞ்சு பெரிதாக விரியாது. வயிற்றுக்கு மேலே இருக்கிற உதரவிதானம்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. ஆழமாக இழுக்க முடியாத பிள்ளை வேகமாக இழுக்கிறது. மூச்சுக்குழாயும் ஒடுக்கம்; கொஞ்சம் வீங்கினாலே பாதை அடைபடும்.

மருத்துவ வரலாறு என்று தேடினால் முதலில் வருவது லயனெக்தான். 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ஒரு கடதாசியைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அதன்பிறகு நெஞ்சு நோயை அறிவது என்றால் காதால் கேட்பது, கேட்பவர் டாக்டர் என்று ஆகிவிட்டது. சரி, டாக்டரே இல்லாத ஊரில் யார் கேட்பது?

இந்தக் கேள்வி பப்புவா நியூகினியின் மலைநாட்டில் பெரிதாக எழுந்தது. அங்கே நிமோனியா நிறையப் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது. கிராமத்து மருந்து நிலையங்களில் எக்ஸ்ரேயும் இல்லை, டாக்டரும் இல்லை. கொரோக்கா நகரில் வேலை செய்த ஃபிராங்க் ஷானும் கூட இருந்தவர்களும் 1984இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இருமலோடு வருகிற பிள்ளையின் மூச்சு நிமிசத்துக்கு 50ஐத் தாண்டினால் அன்டிபயோட்டிக் கொடுக்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் குழி விழுந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இவைதான் அவர்கள் முன்வைத்த அளவுகோல்கள். இரண்டுக்கும் கண் போதும்.

ஆனால் வயது ஏற ஏற மூச்சின் வேகம் குறையும். ஒரே எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்தால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தவறிப்போவார்கள். 1988இல் தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்து வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது: ஒரு வயதுக்குக் கீழே 50, அதற்கு மேலே 40.

பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் கையேடுகளில் இது நிலைத்தது. இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் அது வேகமான மூச்சு. பிள்ளை அழாமல் இருக்கும்போது முழு நிமிசமும் எண்ண வேண்டும். சுகாதாரத் தொண்டர்களுக்கு யுனிசெஃப் ஒரு சின்ன டைமரையும் கொடுத்தது.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. காய்ச்சலிலும் சாதாரண வைரஸ் சளியிலும் மூச்சு வேகமாகும்; தேவையில்லாமல் அன்டிபயோட்டிக் கொடுபடும். எண்ணிக்கை குறைவதும் எப்போதும் நல்ல செய்தி இல்லை. களைத்துப்போன பிள்ளையின் மூச்சும் மெதுவாகும், அது இன்னும் ஆபத்து. முனகல், மூக்குத் துவாரம் விரிதல், உதடு நீலமாதல், பால் குடிக்க ஏலாமை, எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல், இதில் ஒன்றைக் கண்டாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இந்த வரலாறு பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. கண்டுபிடிப்பு என்றால் புதுக் கருவி வரும் என்றுதான் நாங்கள் படித்து வந்தோம். இங்கே கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். நிமோனியாவை அடையாளம் காணும் வேலை கிராமத்து ஊழியர் கைக்கும், கவனிக்க வேண்டிய குறிகள் தாயின் கைக்கும் வந்தன.

உங்கட வீட்டிலும் இருமுகிற சின்னன் ஒன்று இருக்கும். நித்திரையில் இருக்கும்போது சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, போனில் ஒரு நிமிசம் வைத்து எண்ணிப் பாருங்கோ.