உடைந்த ஓடுகளில் ஒரு முசிறி



எங்கள் சித்தேரியில் ஏர் ஓட்டும்போது பழைய பானை ஓடு கிடைத்தால் வரப்பில் வீசிவிடுவோம். நானும் வீசியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஓடுகளை வைத்து ஒரு நகரத்தையே கட்டியவர் விவான் சுந்தரம் (1943-2023).

பிறந்தது சிம்லாவில். அப்பா கே.வி.கே. சுந்தரம் தமிழர், நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் இவருக்குப் பெரியம்மா. பரோடாவிலும் லண்டனிலும் ஓவியம் படித்த விவான், 1990-களில் கண்ணில் பட்ட பொருட்களால் சிற்பம் போல வடிவங்கள் அமைப்பதற்கும், அவற்றோடு வீடியோவைச் சேர்ப்பதற்கும் மாறினார்.

2012 டிசம்பரில் முதல் கொச்சி-முசிறி பினாலே தொடங்கியது. அதில் இவர் வைத்த படைப்பின் பெயர் 'பிளாக் கோல்ட்'. கறுப்புத் தங்கம், அதாவது மிளகு! எர்ணாகுளம் மாவட்டம் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில், ஆய்வு முடிந்து ஒதுக்கிய ஓடுகளை வாங்கி அடுக்கினார். அது ஒரு கற்பனை முசிறி ஆனது. அதன் மேல் வெள்ளம் பாய, மிளகு மிதக்க, எல்லாவற்றையும் படம்பிடித்து வீடியோவாகக் காட்டினார்.

பட்டணம்தான் முசிறியா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. ஆனால் முசிறி வாணிகம் கற்பனை இல்லை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் 'ஹெர்மாபோலோன்' கப்பலில் வந்த தந்தம் முதலான சரக்கின் மதிப்பு. ரோமாபுரி அரசுக்கு வரி மட்டும் நாலில் ஒரு பங்கு!

பி.காம். படிப்பவன் என்பதால் இதைப் படித்தபோது ஒன்று உறைத்தது. கடன் கொடுத்தவன், வாங்கியவன், வரி வசூலித்தவன் எல்லோரும் கணக்கில் இருக்கிறார்கள். மிளகு பறித்தவர், மூட்டை சுமந்தவர், பானை வனைந்தவர் யாரும் இல்லை. அவர்கள் விட்டுப்போன கணக்குப் புத்தகம் அந்த உடைந்த ஓடுகள்தான். விவான் அதைத்தான் நம் கண்முன் விரித்து வைத்தார் என்று நினைக்கிறேன்.

கலைப்படைப்பு வரலாற்றுக்கு ஆதாரம் ஆகாது, சரிதான். ஆனால் எதைக் குப்பை என்று ஒதுக்குகிறோம் என்று கேட்க வைக்கிறதே!

அடுத்த முறை ஏர்முனையில் ஓடு கிடைத்தால் வரப்பில் வீசமாட்டேன். நீங்கள்?