அங்கியும் சாட்சியமும்

ஜப்பானியப் பெருநகரங்களின் ஓட்டல்கள் பலவற்றில் சிற்றாலயம் ஒன்று உண்டு. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், சிலுவை, நீண்ட இருக்கைகள், பாடகர் குழு யாவும் அங்கே உண்டு. நற்கருணைப் பேழை மட்டும் இல்லை. ஞாயிறு வழிபாட்டுக்கு அங்கே எந்தப் பங்கு மக்களும் கூடுவதில்லை. திருமணத்துக்கென்றே எழுப்பப்பட்ட கூடம் அது. நீண்ட அங்கி அணிந்த மேலைநாட்டவர் ஒருவர் பீடத்தின்முன் நின்று, அன்பைப் பற்றிய பவுலடியாரின் பகுதியை வாசிக்கிறார். மணமக்களின் சம்மதத்தைக் கேட்கிறார். மோதிரம் மாற்றச் செய்கிறார். ஏறத்தாழ 20 நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். இவ்வாறு நிற்பவர்களுள் முறையாகப் பட்டம் பெற்ற போதகர்களும் உளர். வார நாள்களில் ஆங்கிலம் கற்பிப்போரும், மாணவரும், நடிகரும் உளர். இவர்களை அனுப்பிவைக்கவே நிறுவனங்கள் இயங்குகின்றன. மணமக்களோ பெரும்பாலும் திருமுழுக்குப் பெறாதவர்கள். அவர்களுள் பலர் தம் நாட்டுப் பஞ்சாங்கம் 'தாய்-அன்' எனக் குறிக்கும் நல்ல நாளையே இச்சடங்குக்குத் தேர்ந்துகொள்கின்றனர்.

இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரலாம், சினமும் வரலாம். ஆயினும் தீர்ப்பிடுமுன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நல்லது.

பண்டைய ஜப்பானில் திருமணம் வீட்டிலேயே நடந்தது. மணமக்கள் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று முறை அரிசி மது அருந்துவதே அதன் முதன்மையான சடங்கு. பட்டத்து இளவரசர் யோஷிஹிதோவின் திருமணம் 1900-ஆம் ஆண்டு அரண்மனைக் கோவிலில் ஷிந்தோ முறைப்படி நடந்தது. அதைப் பின்பற்றியே தோக்கியோவின் ஹிபியா கோவிலில் பொதுமக்களுக்கான ஷிந்தோ திருமணம் உருவாயிற்று. தொன்மையானது எனப் பலர் கருதும் கோவில் திருமணமும் இவ்வாறு அண்மைக்காலத்ததே. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் இருவரின் சம்மதம் ஒன்றே திருமணத்துக்கு அடிப்படை என வகுத்தது. பாடகி யாமகுச்சி மொமோயே 1980-இல் தோக்கியோவின் ரெய்னான்சாக்கா ஆலயத்தில் மணம் புரிந்ததைக் கண்ட இளம் பெண்கள் பலர் அத்தகைய திருமணத்தையே விரும்பினர். 1990-களின் நடுவில் கிறிஸ்தவ முறைத் திருமணங்கள் ஷிந்தோ திருமணங்களை எண்ணிக்கையில் விஞ்சின. அந்நாட்டில் கிறிஸ்தவர்களோ நூற்றுக்கு ஒருவர் அளவே. அண்மை ஆண்டுகளில், சமயச் சடங்கே இன்றி விருந்தினர் முன்னிலையில் வாக்களிக்கும் முறையும் பெருகி வருகிறது.

பட்டம் பெறாதவர் எவ்வாறு திருமணம் நடத்த இயலும் என்று வாசகர் கேட்கலாம். ஜப்பானியச் சட்டத்தின்படி எந்தச் சடங்கும் திருமணத்தை உண்டாக்குவதில்லை. மணமக்களும் வயது வந்த சாட்சிகள் இருவரும் ஒப்பமிட்ட படிவத்தை நகராட்சி அலுவலகம் ஏற்றுக்கொள்வதே திருமணம். அங்கியணிந்தவரின் கையொப்பம் அதற்குத் தேவையில்லை. எனவே அவருடைய தகுதியைச் சட்டம் வினவுவதில்லை. வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் மேலைநாட்டு முகத்தைத்தான். ஆண்டுக்கணக்கில் இறையியல் பயின்ற ஜப்பானியப் போதகரைவிட, எதுவும் பயிலாத வெளிநாட்டவரே 'உண்மையானவராக'த் தோன்றிவிடுகிறார்.

இந்நிலை நம் நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம் உண்டு. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். 1597-இல் நாகசாக்கியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். நம் நாட்டு வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். 1614-இல் நாடெங்கும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. எஞ்சியிருந்த கடைசிக் குருவும் 1644-இல் மறைசாட்சியாக மரித்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குரு இல்லை, திருப்பலி இல்லை. பொதுநிலையினரே திருமுழுக்கு அளித்து விசுவாசத்தைத் தம் பிள்ளைகளுக்குக் கையளித்தனர்.

1865 மார்ச்சு 17 அன்று, நாகசாக்கியின் ஊரா ஆலயத்தில் தந்தை பெத்திஷானை எளிய கிராமத்தார் சிலர் அணுகினர். புதுவையிலும் சேலத்திலும் குடந்தையிலும் பணியாற்றிய அதே பாரீசு வேதபோதக சபையைச் சேர்ந்தவர் அவர். அவருடைய அங்கியைக் கண்டு அம்மக்கள் அமைதி அடைந்துவிடவில்லை. கன்னி மரியாளின் திருவுருவம் எங்கே உள்ளது என்று வினவினர். பின்னர் வந்தோர், உரோமையில் உள்ள தலைவரைப் பற்றியும் குருக்களின் மணத்துறவு பற்றியும் விசாரித்தனர். தாம் காத்துவந்த விசுவாசம் எதிரே நிற்பவரிடமும் உள்ளதா என்று சோதித்தறிந்த பின்னரே அவரைத் தந்தை என ஏற்றனர். இன்றைய ஓட்டல் சிற்றாலயத்தில் அத்தகைய கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

மணமக்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பதிவுப் படிவம் ஒன்றே போதுமாயிருந்தும், தம் வாக்கைக் காணாத ஒருவர்முன் சொல்ல அவர்கள் விரும்புகிறார்களே! இந்த ஏக்கத்தை உணர்ந்த ஜப்பானியத் திருச்சபை, உரோமையின் இசைவோடு, திருமுழுக்குப் பெறாத இணையர்க்கும் தன் ஆலயங்களைத் திறந்து, முன்தயாரிப்பு வகுப்புகளோடு அவர்களின் மணவிழாவை நடத்தி வைக்கிறது. அது அவர்களுக்குத் திருவருட்சாதனம் ஆகாது. எனினும் அவர்களை வாடிக்கையாளராக அன்றி, மனிதராக வரவேற்கிறது.

இலத்தீன் திருச்சபையின் மரபில் திருமணத்தின் பணியாளர்கள் மணமக்களே. குரு, திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் இதற்கு முறை வகுத்தது. குருவை அணுகவே இயலாத சூழலில் இரு சாட்சிகள் முன்னிலையில் செய்யும் திருமணமும் செல்லும் என்பது இன்றைய திருச்சபைச் சட்டம். குரு இல்லாமற்கூட உண்மையான திருமணம் நடக்கலாம் என்றால், கூலிக்கு வந்த வெளிநாட்டவர்முன் இருவர் மனமாரச் சொன்ன வாக்கும் பொய்யாகிவிடாது. பொய் இருப்பது வேறிடத்தில். தாம் நம்பாத சொற்களை நம்புவதுபோல் உரைத்து, பிறரிடம் வாழ்நாள் உண்மையைக் கேட்பவரிடம் அது இருக்கிறது.

குருப்பட்டம் பெற்ற நம்மையும் இந்தக் கேள்வி விட்டுவைப்பதில்லை. பட்டம் நமக்கு அதிகாரம் தருகிறது. சொல்லும் சொல்லை நம்புகிறோமா என்பதற்கு அது ஈடாகாது. திருமணத்தில் சாட்சியாக நிற்கும் பெற்றோருக்கும் உற்றாருக்கும் இது பொருந்தும். பீடத்தின்முன் நிற்கும் இளையோர் நம்மைப் பார்த்து, அந்த நாகசாக்கிக் கிராமத்தாரைப் போல, நீங்கள் இதை நம்புகிறீர்களா என்று கேட்டால், நம் வாழ்வு அவர்களுக்கு விடை சொல்ல வேண்டும்.