மூலம் இல்லாத உருண்டை: பிபிசி 1 கண்ணாடிப் பூகோளமும் நினைவேக்கத்தின் சான்றுகளும்

1969 நவம்பர் 15இல் வண்ண ஒளிபரப்போடு பிபிசி 1இன் திரைக்கு வந்து, 1985 பிப்ரவரி 18இல் விடைபெற்ற கண்ணாடிப் பூகோளம் பற்றி எழுதியோரிடையே ஒரு கருத்து ஏறத்தாழ முடிந்த முடிபாக நிலைத்துவிட்டது. நிகழ்ச்சிகளுக்கு இடையே சுழன்ற அந்த உருண்டையை இன்று நடுவயதைத் தாண்டிய பிரிட்டானியர் நினைத்து ஏங்குவது, பேரரசை நினைத்து ஏங்குவதன் மறுவடிவமே என்பது அக்கருத்து. உலகம் முழுவதும் தன் கண்பார்வையில் சுழன்ற காலத்தை ஒரு நாடு கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த உருண்டை போனபோது அந்த மயக்கமும் போயிற்று. ஏக்கம் மட்டும் மிஞ்சியது. கேட்கக் கவர்ச்சியான வாதம்தான். ஆனால் இதை முன்வைப்போர் காட்டும் சான்று எது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு நிழற்படம். கருப்புப் பின்புலத்தில் நீல உருண்டை, அதன் முகத்தில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும், கீழே சேனலின் பெயர்.

என் மறுப்பு முதலில் அந்த முடிவின்மீது அன்று, அந்தச் சான்றின்மீதுதான். நின்றுபோன ஒரு படத்தைக் கொண்டு, ஒருபோதும் நில்லாத ஒன்றைப் படித்திருக்கிறார்கள்.

கருவியிலிருந்து தொடங்குவோம். கண்ணாடிப் பூகோளம் பிலிமில் எடுத்து வைத்த படம் அன்று. நாடாவில் பதிந்து வேண்டும்போது ஓட்டியதும் அன்று. மோட்டாரால் சுழலும் ஓர் உருண்டை, அதன் பின்னே ஒரு குழியாடி, அவற்றுக்கு எதிரே ஒரு கேமரா. ‘நோடி’ என்று பணியாளர்கள் அழைத்த அந்த ஏற்பாட்டில், இயந்திரத் தாங்கியில் பொருத்திய கேமரா வேண்டியபடி திரும்பிக் கடிகாரத்தையோ உருண்டையையோ அறிவிப்பு அட்டையையோ நோக்கும். உருண்டை எந்நேரமும் சுழலக்கூடியது. ஒளிபரப்புக்குள் அது வருவதும் போவதும், நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று கோத்து அனுப்பும் இணைப்பறையில் இருப்பவர் எடுக்கும் முடிவு. இதில் முக்கியமான செய்தி, அந்தக் கேமரா கருப்பு வெள்ளைக் கேமரா என்பது. நீலமோ மஞ்சளோ உருண்டையில் பூசப்பட்டிருக்கவில்லை. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேமரா பிடித்துத் தர, மின்சுற்று அதற்கு நிறம் ஏற்றியது. வண்ணத் தொலைக்காட்சியின் வருகையைப் பறைசாற்ற வந்த சின்னம் தானே வண்ணமற்றதாக இருந்தது என்பதைத் தொலைக்காட்சி வரலாற்றின் சின்னச் சின்ன வேடிக்கைகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சான்றை மதிப்பிடும் வேலையில் அது வேடிக்கை அன்று.

முதலில் குழியாடியைக் கவனிக்க வேண்டும். உருண்டையின் முன்பக்கம் நேராகத் தெரியும். அதன் பின்பக்கம் ஆடியில் பட்டு, நீண்டும் வளைந்தும் அகன்றும், நடு உருண்டையைச் சுற்றிப் படர்ந்து தெரியும். எனவே முன்னே எது நின்றாலும் அதன் மறுபுறமும் அதே கணத்தில் திரையில் உண்டு. ஆப்பிரிக்கா நடுவே வரும்போது பசிபிக் கடல் அதைச் சூழ்ந்திருக்கும். பசிபிக் நடுவே வரும்போது ஆப்பிரிக்கா விளிம்புக்கு ஓடிப் பரந்து கிடக்கும். மேலும், அறிவிப்பாளர் வாய் திறக்கும்போது உருண்டையின் எந்த முகம் முன்னே இருக்கும் என்று யாரும் வகுத்து வைக்கவில்லை; மோட்டார் அப்போது எங்கே நிற்கிறதோ அதுவே. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முன்னிற்கும் நிழற்படம் நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அது அச்சுக்குப் படம் தெரிந்தெடுத்தவரின் தேர்வு. ஒளிபரப்பின் தேர்வாக அதைக் கொள்ள இடமில்லை. பேரரசின் மையநோக்கை அந்தப் படத்திலிருந்து எடுப்பவர், தாம் தேர்ந்த கணத்திலிருந்தே தம் முடிவை எடுக்கிறார்.

உலக உருண்டையைச் சின்னமாகக் கொண்டதே பேரரசு மனப்பான்மைதானே, எந்த முகம் முன்னே நின்றால் என்ன என்று கேட்கலாம். பிபிசி தன் திரைக்குப் பூகோளத்தைக் கொண்டுவந்தது 1963இல்; குடியேற்ற நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. உலக உருண்டை எல்லா நாட்டுச் செய்தி நிறுவனங்களுக்கும் பொதுச் சொத்து. இதற்குமேல் அந்த மறுப்பை வளர்க்கத் தேவையில்லை.

சிக்கல் நிறத்தில்தான் இருக்கிறது. ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் பெரிதும் முட்டிக்கொள்வதும் அங்கேதான். தொடக்க ஆண்டுகளில் கருப்பின்மேல் நீலம். பின்னர் நீலத்தின்மேல் மஞ்சள். 1981 முதல் பச்சை சார்ந்த நிறம், பட்டையிட்ட எழுத்து. இந்தப் பொது வரிசையில் தகராறு இல்லை. ஆனால் ‘சரியான நீலம்’ எது என்று கேட்டவுடன் தகராறு தொடங்குகிறது. ஒரு பதிவில் ஆழ்ந்த கருநீலம், இன்னொன்றில் வெளிறியது, மற்றொன்றில் பச்சை கலந்தது. இதுவரை இதற்குச் சொல்லப்பட்ட விடை ஒன்றே: வீட்டு வீடியோ கேசட்டுகள் சிதைந்த படிகள், ஆவணக் காப்பகத்தில் இருக்கும் நகலோ விளம்பர நிழற்படமோதான் மூலம், அதைக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்த விடை உடனே உறுத்த வேண்டும். பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தை நெருங்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: ஒரு மூலம் இருந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பூகோளத்துக்கு அது இல்லை. உருண்டை இருந்தது, ஆடி இருந்தது. ஆனால் பார்வையாளர் கண்ட நிறம் அந்தப் பொருள்களில் இல்லை. கேமரா குழாயின் அன்றைய நிலை, மின்சுற்று சரிசெய்யப்பட்ட விதம், பரப்புகோபுரம், வீட்டுப் பெட்டியின் வண்ணக் குமிழ் ஆகிய அனைத்தும் கூடிய இடத்தில்தான் அந்த நீலம் பிறந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்தது. காப்பகத்தில் உள்ள நகலும் அப்படிப் பிறந்த ஒரு தருணத்தின் பதிவே. அது கூடுதல் தெளிவுடையதாக இருக்கலாம்; கூடுதல் மூலமாக இருக்க முடியாது. போதாக்குறைக்கு, ஸ்காட்லாந்து, வேல்ஸ் போன்ற பகுதிகளில் அவ்வப்பகுதியின் பெயர் தாங்கிய பூகோளம் திரைக்கு வந்தது. ஒரே மாலையில், ஒரே சேனலில், கண்டவை வேறுவேறு.

சான்றுகள் எந்தக் காலத்தில் செறிந்திருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் பதிவு செய்யும் கருவியாகப் பிலிப்ஸின் என்1500 பிரிட்டனில் 1972இல் வந்தது. விலை மிகுதி, பயன்படுத்தியோர் சிலர். விஎச்எஸ் அங்கே கடைக்கு வந்தது 1978இல். ஆகவே அசையும் சான்றுகளில் பெரும்பகுதி பூகோளத்தின் இறுதி ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருப்பது இயல்பு. பேரரசு ஏக்கம் பேசுவோர் பெரிதும் சார்ந்திருக்கும் தொடக்க கால நீல உருண்டைக்குத்தான் அசையும் சான்று மிகக் குறைவு, நிழற்படம் மிகுதி. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேசட்டில் அடையாளப் படம் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் ஒரு கதை. எவரும் அதற்காகப் பதிவு பொத்தானை அழுத்தவில்லை. நிகழ்ச்சி தவறிவிடக் கூடாதே என்று டைமரை இரண்டு நிமிடம் முன்னதாக வைத்தவரின் நாடாத் தலைப்பில் அது ஒட்டிக்கொண்டது. காத்திருந்து, நிகழ்ச்சி தொடங்கிய பிறகு பொறுப்பாகப் பதிவைத் தொடங்கியவர் நமக்கு ஒன்றும் விட்டுவைக்கவில்லை. கவனமானவர்களால் அழிந்து, கவனக்குறைவானவர்களால் பிழைத்த சான்று இது. அதனால்தான் பல பதிவுகளில் உருண்டை பாதியில் தொடங்குகிறது, அறிவிப்பாளரின் வாக்கியம் நடுவில் பிடிபடுகிறது.

அந்த வாக்கியம் முக்கியமானது. கண்ணாடிப் பூகோளத்துக்கு இசை கிடையாது. நிலைத்த நீளமும் கிடையாது. அறிவிப்பாளர் நேரலையில் பேசி முடிக்கும் வரை அது சுழலும். முந்தைய நிகழ்ச்சி சற்று முன்னதாக முடிந்தால் கூடுதலாகச் சுழலும். இதே காலத்து வணிகத் தொலைக்காட்சியின் ஆங்கிலியா நிறுவனத்தை ஒப்பிடலாம். வெள்ளி வீரன் குதிரைமேல் சுழல, ஹாண்டலின் நீரிசையிலிருந்து ஒரு பகுதி ஒலிக்கும். அதற்குத் தொடக்கம், முடிவு, மெட்டு மூன்றும் உண்டு. அதை நினைப்பவர் முணுமுணுக்க முடியும். பூகோளத்தை முணுமுணுக்க முடியாது. அதை நினைவுகூர்வோர் பேசுவது எதைப் பற்றி? எந்த ஆண்டில் எந்த எழுத்து, நீலம் எவ்வளவு நீலம், அப்போது பேசிய குரல் யாருடையது என்பனவற்றைப் பற்றி. பேரரசைக் குறித்த பேச்சை அதில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏக்கம் ஒரு வடிவத்தின்மீதோ ஒரு தேசக் கனவின்மீதோ இருந்திருந்தால், அது இந்த அளவுக்கு ஏற்றத்தாழ்வுகளையும் பிசகுகளையும் பற்றிக்கொண்டிருக்காது. அந்த ஏக்கம் நாடுவது, திரைக்கு அப்பால் அந்த நேரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து சேனலை நடத்திக்கொண்டிருந்தார் என்ற உறுதியை என்பது என் வாதம். முழுமையாக நிறுவிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கிடைத்துள்ள சான்றுகளோடு முரண்படாத விளக்கம் இதுவே.

இதைச் சோதிக்க 2007 ஒரு வாய்ப்புத் தந்தது. 1973இல் நடப்பதாக அமைந்த ‘லைஃப் ஆன் மார்ஸ்’ தொடரின் இரண்டாம் பருவத்துக்குப் பிபிசி கண்ணாடிப் பூகோளத்தை மீண்டும் திரையேற்றியது. ஆனால் அகலத்திரைக்கு ஏற்ப, 16:9 விகிதத்தில் புதிதாக உருவாக்கி. 1973இன் எந்தப் பெட்டியிலும் தெரிந்திருக்க முடியாத ஒரு 1973 அது. ‘அசல் பூகோளம் திரும்பி வந்தது’ என்று கொண்டாடியவர்களைப் பழிக்கவில்லை. அசல் இல்லாத ஒன்றைத் திரும்பக் கொணர வேறு வழியும் இல்லை. இதற்கு நேர்மாறாக, 1991 பிப்ரவரியில் மார்ட்டின் லாம்பி-நேர்ன் பிபிசி 2க்கு உருவாக்கித் தந்த ‘2’ படங்களை அச்சேனலின் 50ஆம் ஆண்டான 2014இல் மீண்டும் கொண்டுவர முடிந்தது. 2018 வரை அவை திரையில் நிலைக்கவும் முடிந்தது. அவை ஆக்கங்கள், பெயர் உண்டு, இயக்கியவர் உண்டு, எடுத்து ஓட்ட ஒரு பிரதி உண்டு. பூகோளம் ஆக்கம் என்பதைவிட நிகழ்த்துதல் என்பதே பொருந்தும்.

பூகோளத்தின் இடத்துக்கு 1985இல் வந்த கணினி உருண்டைமீதும், 1982இன் சேனல் 4 வண்ணக் கட்டங்கள்மீதும் இதே ஏக்கம் இருக்கிறதே என்ற கேள்வி எழும். இருக்கட்டும். எல்லா ஏக்கமும் ஒரே காரணத்தால் வர வேண்டும் என்று விதி இல்லை. எல்லாவற்றையும் ‘பழைய தொலைக்காட்சி ஏக்கம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டியதுதான் இத்துறையின் தொடக்கப் பிழை.

நடைமுறையில் இதனால் ஒரு கடமை பிறக்கிறது. பழைய கேசட்டுகளை இன்று கணினியில் ஏற்றுவோர் பலர் நல்லெண்ணத்தோடு நிறத்தைத் ‘திருத்துகிறார்கள்’, நடுக்கத்தை நீக்குகிறார்கள், நிழற்படத்து நீலத்தோடு பொருந்தும்படி மாற்றுகிறார்கள், அறிவிப்பாளரின் அறுந்த வாக்கியத்தை வெட்டுகிறார்கள். இல்லாத மூலத்தை நோக்கிச் செய்யும் இந்தத் திருத்தம், இருக்கும் சான்றை அழிக்கிறது. மெருகேற்றிய பதிப்பு வேண்டுமென்றால் தனியே செய்துகொள்ளட்டும். திருத்தாத பதிவை அதனருகே வைத்து, எந்த நாளில், எந்தப் பகுதியில், எந்தக் கருவியில், எந்த நிகழ்ச்சிக்கு முன் பிடித்தது என்பதையும் எழுதி வைக்குமாறு சேகரிப்போரையும் காப்பகங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.